பஞ்சத்தில் பிழைத்த குழந்தைகள்

1944-ம் ஆண்டின் கடைசி. இரண்டாவது உலக யுத்தம் முடியும் தறுவாயில் இருந்தது. ஹாலந்து நாட்டின் தென் பகுதியை நேச நாட்டுப் படைகள் மீட்டுவிட்டன. ஆனால் ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஹேக் முதலிய பெரிய நகரங்கள் இன்னும் ஜெர்மானியரின் பிடியில் இருந்தன. ரயில்வே தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பழி வாங்க, ஜெர்மானியர் அந்த நகரங்களுக்கு உணவு போகாமல் தடுத்தார்கள். போதாக்குறைக்குக் கால்வாய்கள் பனியில் உறைந்து, படகுகளும் நின்றுபோயின.

ரொட்டி மறைந்தது. ஜனங்கள் டியூலிப் மலர்ச் செடியின் கிழங்கைத் தோண்டி வேக வைத்துத் தின்றார்கள். அந்தக் குளிர்காலத்தில் பசியாலும் குளிராலும் மாண்டவர்கள் சுமார் 20,000 பேர்.

ஹேக் நகரில் ஜூலியானா குழந்தைகள் ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தது. அங்கே ஒரு விந்தை நடந்தது. ஊரே மெலிந்துகொண்டிருந்தபோது, முன்பு எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாமல் வாடிக் கிடந்த சில குழந்தைகள் தேறத் தொடங்கினார்கள். முதலில் சாக வேண்டியவர்கள் என்று எண்ணப்பட்ட குழந்தைகள் அவர்கள்! பஞ்சம் அவர்களுக்கு மருந்தாயிற்றா? இது எப்படி?

வயிறு பெருக்கும், கை கால் சூம்பும்

அந்தக் குழந்தைகளைப் பிடித்திருந்த வியாதியின் பெயர் சீலியாக். ‘வயிறு’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. குழந்தை தாய்ப்பால் குடிக்கும் வரையில் நன்றாக இருக்கும். ரொட்டியும் கஞ்சியும் ஊட்ட ஆரம்பித்த சில மாதங்களில் பேதி தொடங்கும். மலம் வெளுத்து, கொழகொழவென்று, துர்நாற்றத்துடன் போகும். வயிறு பானைபோல் உப்பும். கை கால்கள் குச்சியாகும். சிரித்து விளையாடிய குழந்தை எதற்கெடுத்தாலும் சிணுங்கும். பலர் மாண்டார்கள், பிழைத்தவர்கள் வளர்ச்சி குன்றினார்கள்.

லண்டன் நகரத்து டாக்டர் சாமுவேல் ஜீ 1888-ல் இந்த வியாதியைப் பற்றி விரிவாக எழுதினார். இதற்குக் குணம் உண்டென்றால் அது ஆகாரத்தால்தான் வர வேண்டும் என்று அவர் அடித்துச் சொன்னார். ஆனால் எந்த ஆகாரம்? அவரிடம் வந்த ஒரு குழந்தைக்குத் தினமும் ஹாலந்துச் சிப்பிகளைச் சமைத்துக் கொடுத்தார்கள். குழந்தை நன்றாகத் தேறியது. சிப்பிப் பருவம் முடிந்ததும் பழையபடி நோயில் விழுந்தது. அடுத்த பருவத்தில் அது சிப்பியைத் தொடவே மறுத்துவிட்டது!

ஜீ வகுத்த பத்தியம் இன்று வியப்பாக இருக்கும். அரிசி கூடாது, ஜவ்வரிசி கூடாது என்றார். மெல்லியதாக வெட்டி, இரு பக்கமும் நன்றாக வாட்டிய ரொட்டியைக் கொடுக்கலாம் என்றார். குற்றமற்ற அரிசியைத் தண்டித்து, குற்றவாளியை வீட்டுக்குள் விட்டுவிட்டார் அந்தப் பெரிய மருத்துவர்.

1924-ல் அமெரிக்காவில் டாக்டர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ வைத்தியத்தைக் கொண்டுவந்தார். ரொட்டி முதலிய மாவுப் பண்டங்களை நிறுத்தி, வாழைப்பழத்தை நிறையக் கொடுத்தார். குழந்தைகள் பிழைத்தார்கள். புகழ் எல்லாம் பழத்துக்குப் போயிற்று. ரொட்டியை நிறுத்தியதுதான் பலன் தந்தது என்று எவருக்கும் தோன்றவில்லை. ஆகவே குணமானதும் குழந்தைக்கு மறுபடி ரொட்டி கொடுத்தார்கள்.

ஒரு தாயின் சொல்

வில்லெம் கரேல் டிக்கே 1905-ல் ஹாலந்தில் பிறந்தவர். 31-வது வயதிலேயே ஜூலியானா ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டரானார். அந்தக் காலத்தில் ஓர் இளந்தாய் அவரிடம் சொன்னதாக ஒரு செய்தி உண்டு: ரொட்டியை நிறுத்தினால் தன் குழந்தையின் உடம்பு சரியாகிறது என்று.

வேறு டாக்டராக இருந்தால் சிரித்திருக்கலாம். ரொட்டியைக் குறை கூறுவது அந்த ஊரில் சோற்றைக் குறை கூறுவது போல அல்லவா? டிக்கே சிரிக்கவில்லை. குழந்தைகளின் உணவை மாற்றி மாற்றிப் பார்த்தார். 1941-ல், ரொட்டி இல்லாத பத்திய உணவைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். ஆகவே பஞ்சம் அவருக்குப் புது யோசனையைத் தரவில்லை. அவர் சந்தேகித்ததை ஊர் முழுவதும் சோதித்துக் காட்டியது, அவ்வளவுதான்.

1945 ஏப்ரல் 29 முதல் நேச நாட்டு விமானங்கள் ஹாலந்து மீது உணவு மூட்டைகளைப் போட்டன. மே 5-ந் தேதி ஜெர்மானியர் சரணடைந்தார்கள். ரொட்டி திரும்பி வந்தது. நோயுற்ற குழந்தைகளுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று அன்போடு கொடுத்தார்கள். அந்த அன்பே வினையாயிற்று. தேறியிருந்த குழந்தைகள் மீண்டும் படுக்கையில் விழுந்தார்கள்.

தராசு சொன்ன தீர்ப்பு

கண்டதை நம்பினால் போதாது. அளந்து காட்ட வேண்டும். வான் டி காமர் என்ற ரசாயன நிபுணரும், வேயர்ஸ் என்ற குழந்தை வைத்தியரும் டிக்கேயோடு சேர்ந்தார்கள். குழந்தை தின்ற கொழுப்பு எவ்வளவு, மலத்தில் வீணாகப் போனது எவ்வளவு என்று கணக்கெடுத்தார்கள். கோதுமை கொடுத்தபோது கொழுப்பு வீணாயிற்று. நிறுத்தியபோது உடம்பில் சேர்ந்தது. அரிசியும் உருளைக்கிழங்கும் கெடுதல் செய்யவில்லை. 1950-ல் டிக்கே இதையே ஆராய்ச்சி நூலாக உட்ரெக்ட் சர்வகலாசாலைக்குச் சமர்ப்பித்தார். குற்றவாளி கோதுமையின் மாவுச்சத்து அல்ல, அதிலுள்ள குளூட்டன் என்ற புரதமே என்பதும் சில ஆண்டுகளில் உறுதியாயிற்று.

குளூட்டன் எது? பரோட்டா மாஸ்டர் மைதா மாவை விசிறும்போது அது கிழியாமல் துணிபோல் விரிகிறதே, அந்த இழுவையைத் தருவது குளூட்டன்தான். அரிசி மாவை அப்படி விசிற முடியாது.

நம் சிறுகுடலின் உட்புறம் வழுவழுப்பானது அல்ல. லட்சக்கணக்கான மிகச் சிறு விரல்கள் அங்கே நீட்டிக்கொண்டிருக்கின்றன. உணவின் சத்தை ரத்தத்தில் சேர்ப்பவை அவையே. சீலியாக் உள்ளவர் கோதுமை தின்றால், உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குகிறது. விரல்கள் தேய்ந்து தரை மட்டமாகின்றன. பிறகு பாலும் நெய்யும் ஊட்டி என்ன பயன்? கோதுமையை அடியோடு நிறுத்தினால் பெரும்பாலோருக்குக் குடல் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வருகிறது. பார்லியிலும் ரை தானியத்திலும் இதே வகைப் புரதம் இருக்கிறது.

பேதி இல்லாமலும் வரும்

இது குழந்தைகளின் வியாதி மட்டும் அல்ல. உலகில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பலருக்குத் தெரிவதே இல்லை. மருந்து சாப்பிட்டும் தீராத ரத்தசோகை, வயதுக்கேற்ற உயரம் இன்மை, எலும்புத் தேய்மானம், குழந்தைப் பேறின்மை, முழங்கையிலும் முழங்காலிலும் அரிப்புக் கொப்புளம் என்று வேறு வேஷத்தில் வரும். இளவயது நீரிழிவும் தைராய்டு கோளாறும் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படும். பல்லாண்டுகள் கவனியாமல் விட்டால், அபூர்வமாகக் குடலில் புற்றுநோயும் உண்டாகலாம்.

நம் நாட்டில் சப்பாத்தி தின்னும் வட மாநிலங்களில் இது அதிகம். தெற்கே மிகக் குறைவு. இதற்கு இடம் தரும் மரபணு தெற்கிலும் ஏறக்குறைய அதே அளவில் இருப்பதாக ஆராய்ச்சியில் கண்டார்கள். ரவை உப்புமாவும் பரோட்டாவும் பிஸ்கட்டும் பெருகிவிட்ட இந்த நாளில் அலட்சியம் கூடாது.

நோய் கண்டவர்களுக்கு நம் பக்கத்தில் ஒரு சௌகரியம் உண்டு. இட்லி, தோசை, சாதம், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், தினை எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் கோதுமை மறைந்தும் வரும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பது வழக்கம். மால்ட் பானங்களில் பார்லி இருக்கும். கோதுமை மாவு அரைத்த இயந்திரத்திலேயே கேழ்வரகை அரைத்தாலும் ஆபத்துதான். சிட்டிகை அளவும் கெடுதல் செய்யும். பத்தியம் ஆயுள் முழுவதும் வேண்டும்.

ஒரு விஷயம் முக்கியம். சந்தேகம் வந்தவுடன் தாமாகவே கோதுமையை நிறுத்தக் கூடாது. ரத்தப் பரிசோதனையும், குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பரிசோதனையும் உண்டு. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் உண்மை வெளிப்படும். நோய் இல்லாதவர்கள் கோதுமைக்கு அஞ்ச வேண்டியதும் இல்லை.

டிக்கே 1962-ல், 57-வது வயதில் காலமானார். அவர் கண்ட சிகிச்சைக்கு ஊசி இல்லை, மாத்திரை இல்லை. இன்றைக்கும் சீலியாக் நோய்க்கு உறுதியான மருந்து அந்தப் பத்தியமே. பெரிய மருத்துவர்களின் கண்ணுக்குத் தப்பிய உண்மையை, குழந்தையின் தட்டைக் கவனித்த ஒரு தாய் சொன்னாள். அதைக் காது கொடுத்துக் கேட்க ஒரு டாக்டர் இருந்தார். குழந்தைகள் பிழைத்தார்கள்.