'திரை கறுத்துப்போச்சு... லேப்டாப் அவ்வளவுதானா?' - புதிய இயங்குதளம் போடும்போது தெரிந்திருக்க வேண்டியவை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல மடிக்கணினிகளில் விண்டோஸ் 11 ஏறாது. அதற்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் சில்லு என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும்.

அதனால் சிலர் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச இயங்குதளங்களைப் போட்டுப் பார்க்கிறார்கள். அதைத் தம்ப் டிரைவிலோ டிவிடியிலோ ஏற்றிக் கணினியைத் திறந்ததும்தான் சிக்கல்.

மெனு வருகிறது. 'ஸ்டார்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். திரை கறுத்துவிடுகிறது. இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் பூதாகாரமாகத் தெரிகிறது, 'அடுத்து' பொத்தான் திரைக்கு வெளியே போய்விடுகிறது.

"பழைய மிஷின்தானே, போகட்டும்" என்று அதோடு விட்டுவிடுபவர்கள் உண்டு. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்வதாகத் தேசியச் சுற்றுப்புற அமைப்பு சொல்கிறது. உங்கள் மடிக்கணினியையும் அதில் சேர்ப்பதற்கு முன்பு, ஒரே ஒரு சொல்லைத் தட்டிப் பாருங்கள்.

கணினி கெட்டுப்போச்சா?

மெனு திரையில் தெரிந்ததா? தெரிந்தது என்றால் திரையும் தம்ப் டிரைவும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். மெனுவே வரவில்லை என்றால் அது வேறு பிரச்சினை. தம்ப் டிரைவைச் சரியாகத் தயார் செய்யவில்லை, அல்லது கணினி அதிலிருந்து தொடங்கும்படி அமைக்கப்படவில்லை.

மெனுவுக்குப் பிறகு திரை கறுத்தால், காரணம் பெரும்பாலும் கிராஃபிக்ஸ்தான்.

மெனுவை எளிய முறையில் காட்டுவது கணினியின் அடிப்படை மென்பொருள். அடுத்து லினக்ஸ் பொறுப்பெடுத்துக்கொண்டு, கிராஃபிக்ஸ் சில்லுக்கான டிரைவரை எழுப்பி, திரைக்கு ஏற்ற தெளிவுத்திறனுக்கு மாற்றப் பார்க்கிறது. அந்தச் சில்லுக்கு ஒத்துவராத டிரைவராக இருந்தால் மாற்றம் பாதியில் நின்றுவிடும். சில என்விடியா சில்லுகளில் இது அடிக்கடி நடக்கும். உள்ளே கணினி ஓடிக்கொண்டேதான் இருக்கும், உங்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது.

அந்த ஒரு சொல்

முதலில் சுலபமான வழி. லினக்ஸ் மின்ட் மெனுவில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்றும், உபுண்டு மெனுவில் 'சேஃப் கிராஃபிக்ஸ்' என்றும் ஒரு தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். பலருக்கு வேலை இதிலேயே முடிந்துவிடும்.

முடியவில்லையா? கணினியை அணைத்துவிட்டு மறுபடியும் மெனுவுக்கு வாருங்கள். முதல் தேர்வின்மேல் நின்று, விசைப்பலகையில் 'ஈ' எழுத்தை அழுத்துங்கள். சில வரிகள் தோன்றும். பார்த்தால் மிரட்சியாக இருக்கும், பரவாயில்லை.

'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதில் 'கொயட் ஸ்பிளாஷ்' என்று இரண்டு சொற்கள் இருக்கும். அவற்றை அழித்துவிட்டு அந்த இடத்தில் 'நோமோட்செட்' என்று தட்டுங்கள். நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களை இடைவெளி விடாமல் சிறிய எழுத்தில் சேர்த்து எழுதினால் வருவது அது. முன்னும் பின்னும் ஓர் இடைவெளி இருக்கட்டும். பிறகு எஃப்10 அழுத்துங்கள்.

"நீயாகத் திரையை மாற்றாதே, இருக்கிற எளிய முறையிலேயே காட்டு" என்பதுதான் அந்தச் சொல் லினக்ஸுக்குச் சொல்லும் சேதி. படம் கொஞ்சம் பெரிதாக, அழகில்லாமல் தெரியலாம். தெரிந்தால் போதும்.

தப்பாகத் தட்டிவிட்டால்? பயப்பட வேண்டாம். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டும்தான், கணினியை அணைத்தால் போய்விடும். 'இன்ஸ்டால்' பொத்தானை அழுத்தும்வரை உங்கள் பழைய கோப்புகளுக்கும் ஆபத்தில்லை. ஆனால் அழுத்துவதற்கு முன்பு படங்களையும் ஆவணங்களையும் வேறு இடத்தில் நகலெடுத்து வைத்துவிடுங்கள்.

பொத்தான் திரைக்கு வெளியே இருந்தால்?

லினக்ஸ் மின்ட் 1024 x 768 தெளிவுத்திறனைப் பரிந்துரைக்கிறது. திரை அதைவிடச் சிறியதாக இருந்தால் சன்னலின் அடிப்பகுதி மறைந்துவிடும். ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சன்னலை மவுஸால் மேலே இழுங்கள், பொத்தான் வெளியே வரும். உபுண்டுவில் ஆல்ட்டுக்குப் பதில் விண்டோஸ் சின்னம் உள்ள விசை.

மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் கேபிளையும் பாருங்கள். திரை தன் அளவைக் கேபிள் வழியாகத்தான் கணினிக்குச் சொல்கிறது. பழைய விஜிஏ கேபிளும் மலிவான அடாப்டரும் நடுவில் இருந்தால் அந்தத் தகவல் போய்ச் சேராமல் போகலாம். அடாப்டரைக் கழற்றிவிட்டு எச்டிஎம்ஐ கேபிளில் நேராகச் செருகிப் பாருங்கள்.

விண்டோஸையே மறுபடி போடுபவர்களுக்கு: நிறுவும்போது எழுத்து பெரிதாகத் தெரிவது வழக்கம்தான். நிறுவியபின் இணையத்தில் இணைத்து 'விண்டோஸ் அப்டேட்' செய்தால் பெரும்பாலும் சரியான டிரைவர் தானாக வந்துவிடும்.

இன்ஸ்டால் ஆனபிறகு மறந்துவிடக் கூடாதது

பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். லினக்ஸை நிறுவி முதல்முறை திறக்கும்போது திரை மறுபடியும் கறுக்கலாம். கணினியைத் திறந்தவுடன் எஸ்கேப் விசையை அழுத்தினால் மெனு வரும். பழைய கணினிகளில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதே சொல்லை மறுபடியும் தட்டி உள்ளே போங்கள்.

உள்ளே போனதும் முதல் வேலை, டிரைவர். லினக்ஸ் மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்', உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்'. 'ரெக்கமெண்டட்' என்று காட்டுவதைத் தேர்ந்தெடுத்து, கணினியை மறுபடி தொடங்குங்கள்.

டிரைவர் போடாமல் நோமோட்செட்டிலேயே காலம் தள்ளினால், படம் வரையும் வேலை முழுவதும் முதன்மைச் சில்லின் தலையில் விழும். காணொளி தடுமாறும், மடிக்கணினி சூடாகும், பல மடிக்கணினிகளில் திரை வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. "லினக்ஸ் ஸ்லோவா இருக்கு" என்று சொல்பவர்களில் சிலருடைய கணினியில் இந்தச் சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். நிறுவும்போது பயன்படுத்திய தேர்வைச் சில வேளைகளில் கணினி நிரந்தரமாகவே வைத்துக்கொள்ளும்.

சரியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, 'டிஸ்ப்ளே' அமைப்பைத் திறந்து பாருங்கள். பல மடிக்கணினிகளில் 1366 x 768 அல்லது 1920 x 1080 என்று இருக்க வேண்டும். வேறு தேர்வே இல்லாமல் 1024 x 768 அல்லது 800 x 600 மட்டும் தெரிந்தால், டிரைவர் இன்னும் ஏறவில்லை.