கல் எடுத்த இடத்தில் புரச மரம்

டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்த நாள் முதல், தண்டவாளத்துக்கு ஜல்லி அளந்து வாங்குவதும் என் வேலைகளில் ஒன்று. எத்தனை கன மீட்டர் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். எந்த மலையை உடைத்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஓய்வு பெற்று குருகிராமில் மகன் வீட்டுக்கு வந்தபிறகுதான் அந்தக் கேள்வி எழுந்தது.

இங்கே ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது. சுமார் 390 ஏக்கர். முன்பு கல் குவாரி. தோண்டிப்போட்ட நிலத்தில் 'விலாயதி கீக்கர்' மண்டிக் கிடந்தது. வேறொன்றுமில்லை, நம் ஊர் சீமைக் கருவேல்தான்! 2010 முதல் பொதுமக்களும் மாநகராட்சியும் சேர்ந்து ஆரவல்லிக்கே உரிய மரங்களை அங்கே வளர்த்தார்கள். சாதாரண நர்சரிகளில் அந்தக் கன்றுகள் கிடைப்பது அரிது. எனவே எஞ்சியிருந்த காடுகளில் விதை பொறுக்கி, தாங்களே முளைக்க வைத்தார்கள். அதிலும் 'தாவ்' என்ற மரத்தின் விதைகளில் மிகச் சிலவே முளைக்கும். பொறுமைதான் உரம்.

பார்த்துவிட்டு வந்து நானும் மொட்டை மாடியில் முயன்றேன். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் கட்டட இடிபாடு கொட்டிய நிலம் ஒன்று சும்மா கிடந்தது. அதற்காகத்தான்.

முதல் வருடம் தோல்வி. வெள்வேல் விதைக்கு ஓடு கடினம். வெந்நீர் ஊற்றி ஒருநாள் ஊறவைக்க வேண்டும். அதே வெந்நீரைப் புரச விதைக்கும் ஊற்றினேன். அத்தனையும் அழுகிவிட்டது! புரச விதைக்கு அந்த வைத்தியம் வேண்டாம். வைகாசியில் காய் காய்ந்து விழும். தட்டையான காயின் நுனியில் ஒரே விதை. பழசாக விடாமல் உடனே ஊன்றவேண்டும். ஆணிவேர் நேராக இறங்குவதால் உயரமான பை நல்லது. நம் ஊர்போல் ஐப்பசி மழைக்குக் காத்திருக்கக் கூடாது. இங்கே ஆனியிலேயே மழை வந்துவிடும்.

மறுவருடம் நாற்பது விதையில் இருபத்தாறு முளைத்தன. கோடையைத் தாண்டி நிற்பவை பதினொன்று. நான் கையெழுத்துப் போட்ட ஜல்லிக்கு இது ஈடாகாது. ஆனாலும் அணில் வந்து போகிறது.

சென்னைப் புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த மரம் இதுதான் என்று பேத்தியிடம் சொன்னேன். இப்போது தண்ணீர் ஊற்றுவது அவள் பொறுப்பு. உங்கள் வீட்டுக் குழந்தைகளையும் வைகாசியில் ஒரு ஞாயிறு அழைத்துப் போங்கள். ஒரு துணிப்பை போதும். கீழே விழுந்ததை மட்டும் பொறுக்குங்கள். பாதியை மரத்தடியிலேயே விட்டுவிடுங்கள்.