வளைந்து வெல்லும் கலை

வன்மை மிக்கோனே வெல்வான் என்பது உலகில் பலரும் கொண்ட எண்ணம். ஆயின் மென்மையும் வெல்லும் என்று காட்டிய கலை ஒன்று உண்டு. அது ஜப்பான் நாட்டில் தோன்றி, மேலை நாடுகளில் பரவி, இன்று உலகெங்கும் பயிலப்பெறும் ஜூடோ என்னும் மற்கலையாகும். ‘ஜூ’ என்பது மென்மை. ‘டோ’ என்பது நெறி. எனவே ஜூடோ என்பதற்கு மென்னெறி என்று பொருள் கொள்ளலாம்.

பனிக்காலத்தில் மரக்கிளைகளின்மேல் பனி படிகிறது. விறைத்து நிற்கும் கிளை அச்சுமையைத் தாங்க மாட்டாது முறிந்து வீழ்கிறது. மெல்லிய கிளையோ, வளைந்து பனியைச் சரியவிட்டு மீண்டும் நிமிர்கிறது. ஜப்பானியர் தம் மற்கலையின் உட்பொருளை விளக்க இவ்வுவமையைக் கூறுவர்.

ஜூடோவைத் தோற்றுவித்தவர் ஜிகோரோ கானோ என்னும் பேராசிரியர். 1860-ஆம் ஆண்டில் பிறந்த அவர் இளமையில் சிறிய உடலும் குறைந்த வலிமையும் உடையவராய் இருந்தார். பள்ளியில் வலிய மாணவர் தம்மைத் துன்புறுத்தியதால் தற்காப்புக் கலை பயில விரும்பினார். அக்காலத்தில் ஜப்பானில் ஜூஜுட்சு என்னும் பழைய மற்போர் முறை பல பிரிவுகளாக வழங்கி வந்தது. உயிருக்கு ஊறு செய்யும் அடிகளும் பிடிகளும் அதில் இருந்தன. கானோ அதனைக் கற்றுத் தேர்ந்து, ஊறு விளைப்பனவற்றைப் போட்டியினின்று விலக்கிப் புதியதொரு முறையை வகுத்தார். 1882-ஆம் ஆண்டில் டோக்கியோ நகரத்துப் புத்தக் கோயில் ஒன்றில், 12 பாய்கள் விரித்த சிறு கூடத்தில் தம் பள்ளியைத் தொடங்கினார். அதுவே புகழ்பெற்ற கோடோகான் ஆகும்.

இக்கலையின் அடிப்படை யாது? கானோ கூறிய கணக்கு ஒன்று அதனைத் தெளிவாக்கும். ஒருவனது வலிமை 10 என்றும், மற்றவனது வலிமை 7 என்றும் கொள்வோம். வலியவன் தள்ளும்போது மெலியவனும் எதிர்த்துத் தள்ளினால் மெலியவன் தோற்பது உறுதி. அவன் எதிர்க்காமல், தள்ளும் அளவிற்கேற்பப் பின்வாங்கினால் என்ன நிகழும்? தள்ளியவன் முன்னோக்கிச் சாய்ந்து நிலைகுலைவான். அந்நிலையில் அவனால் பயன்படுத்தக் கூடிய வலிமை 3 அளவாகக் குறைந்துவிடும். மெலியவனிடமோ 7 அளவும் குறையாமல் இருக்கும். அதில் பாதியைக் கொண்டே அவன் வெல்லலாம். பொருளின் ஈர்ப்பு மையம் அதன் அடித்தளத்திற்கு வெளியே சென்றால் பொருள் சாயும் என்று அறிவியலில் படிக்கிறோம். ஜூடோ வீரன் செய்வதும் அதுவே. முதலில் எதிரியின் நிலையைக் குலைக்கிறான், அடுத்துத் தன் உடலை ஏற்ற இடத்தில் அமைக்கிறான், பின்னரே எறிகிறான்.

ஆனால் மாணவன் முதலிற் கற்பது எறிதல் அன்று, வீழ்தலே. வீழும்போது கையால் பாயை அறைந்து, தலை மோதாமல் காத்துக்கொள்ளப் பழகுகிறான். ஒருவன் தன் உடலை நம்பி ஒப்படைத்தாலன்றி மற்றவன் எறியப் பயில முடியாது. ஆதலின் எதிரியைக் காப்பதும் இக்கலையின் கடமையாயிற்று. ஆற்றலை நல்வழியில் முழுமையாகப் பயன்படுத்துதல், தானும் பிறரும் ஒருங்கே நலம் பெறுதல் ஆகிய இரண்டையும் கானோ தம் கொள்கைகளாக வகுத்தார். பயிற்சிக்கு முன்னும் பின்னும் வீரர் ஒருவரையொருவர் வணங்குவதன் கருத்தும் இதுவே.

இத்தகைய கலை கடல் கடந்து சென்றால் அதன் உயிர் நிலைக்குமா? அன்றி, வெறும் வேடிக்கையாக மாறிவிடுமா? தொடக்கத்தில் இவ்வையம் எழ இடமிருந்தது. 1900-ஆம் ஆண்டில் இலண்டன் சென்ற யூகியோ தானி என்னும் ஜூஜுட்சு வீரர், கேளிக்கை அரங்குகளில் தம்மினும் பருத்த மல்லர்களை வீழ்த்திக் காட்டினார். மக்கள் வியந்து பார்த்தனர். ஆயினும் வியப்பு வேறு, கல்வி வேறு. 1904-ஆம் ஆண்டில் யமாஷிதா என்னும் ஆசிரியர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு ஜூடோ கற்பித்தார். 1913-ஆம் ஆண்டளவில், வாக்குரிமைக்காகப் போராடிய ஆங்கிலப் பெண்களுக்கு எடித் கேரட் அம்மையார் ஜூஜுட்சு பயிற்றினார். 1918-ஆம் ஆண்டில் குஞ்சி கோயிசுமி இலண்டனில் புடோக்வாய் என்னும் பயிற்சிக் கழகத்தை நிறுவினார். அரங்குகளில் வித்தை காட்டிய தானி அங்கே ஆசிரியராக அமர்ந்தார். 1920-ஆம் ஆண்டில் கானோ அக்கழகத்திற்கு வந்து அவ்விருவரையும் ஜூடோ நெறியில் சேர்த்துக்கொண்டார். இவ்வாறு வேடிக்கை கல்வியாயிற்று.

ஜூடோ மேலைநாட்டில் வேரூன்றியதா என்பதற்கு விடை 1964-ஆம் ஆண்டில் கிடைத்தது. அவ்வாண்டு டோக்கியோவில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றது. எடைப் பிரிவுகள் மூன்றிலும் ஜப்பானியரே வென்றனர். எடை வரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில் ஜப்பானிய வீரர் காமினாகாவும், நெதர்லாந்து நாட்டின் ஆன்டன் கேசிங்க்கும் எதிர்நின்றனர். கேசிங்க் ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரமுடையவர். திறமையில் இருவரும் உயர்ந்து நிற்கும்போது உடலின் பெருமையும் கணக்கில் வரும் என்பதை மறுக்க இயலாது. கேசிங்க் காமினாகாவைப் பாயில் கிடத்திப் பிடித்து வென்றார். ஜப்பானியர் துயருற்று அமர்ந்திருக்க, நெதர்லாந்து நாட்டார் சிலர் ஆரவாரத்துடன் பாயை நோக்கி ஓடிவந்தனர். கேசிங்க் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். பின்னர்த் தோற்றவர்க்கு முறைப்படி வணக்கம் செலுத்தினார்.

அன்று ஜப்பான் ஒரு பதக்கத்தை இழந்தது. ஆனால் அதன் கலை தோற்கவில்லை. பிடிகளை மட்டும் கற்றிருந்தால் கேசிங்க்கின் கை உயர்ந்திராது. அவர் நெறியையும் கற்றிருந்தார். எதிரியை வீழ்த்துவது பயிற்சியால் வரும். வீழ்ந்தவனை மதிப்பது பண்பால் வரும். இவ்விரண்டும் ஓரிடத்தில் அமைவதே மென்னெறியின் நிறைவாகும்.