களஞ்சியத்துக்குள் நுழையக் கூடாதவை

பலர் சேர்ந்து உருவாக்கும் மென்பொருளின் மூல நிரல், அதாவது கணினிக்கு இட வேண்டிய கட்டளைகளை மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவில் எழுதிய உரை, பொதுவான ஒரு களஞ்சியத்தில் வைக்கப்படுகிறது. கோப்புகளோடு, எந்த வரியை யார், எந்த நாளில், எதற்காக மாற்றினார் என்ற வரலாறும் அதில் சேர்ந்தே இருக்கிறது. குழுவில் புதிதாகச் சேர்பவர் களஞ்சியம் முழுவதையும் தம் கணினிக்கு நகலெடுத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறார். எனினும் மென்பொருளை இயக்கிப் பார்க்க நிரல் மட்டும் போதாது. தரவுத்தளத்தைத் திறக்கும் கடவுச்சொல், பணப் பரிமாற்றச் சேவையை அழைப்பதற்கான சாவி, ஏதோ ஒரு பிழையைக் கண்டுபிடிப்பதற்காக எடுத்துவைத்த வாடிக்கையாளர் பட்டியல் ஆகியனவும் அதே கோப்புறையில், நிரல் கோப்புகளுக்குப் பக்கத்திலேயே வந்து அமர்ந்துவிடுகின்றன. நிரல் குழுவினர் எல்லோருக்கும் உரியது, இவை அப்படியல்ல. இவ்விரண்டையும் பிரித்து வைப்பது ஏன் கடினமாக இருக்கிறது என்பதை அறிவதற்கு, களஞ்சியத்தை நிருவகிக்கும் கருவியின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும்.

இன்று மிகப் பரவலாகப் பயன்படும் அக்கருவியின் பெயர் கிட். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலை உருவாக்குவோர் 2002 முதல் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்னும் தனியார் கருவியின் இலவச உரிமம் 2005-இல் திரும்பப் பெறப்பட்டபோது, அதற்கு மாற்றாக லினஸ் டோர்வால்ட்ஸ் அவ்வாண்டு ஏப்ரலில் இதை எழுதத் தொடங்கினார். ஒருவர் அனுப்பிய நிரல் வழியில் சிதைந்தாலும், வேண்டுமென்றே எவரேனும் அதைத் திரித்தாலும் உடனே தெரிந்துவிட வேண்டும், ஒருமுறை பதிந்தது தொலைந்துபோகக் கூடாது என்பவை அதன் வடிவமைப்பிலேயே ஊறிய நோக்கங்கள். அந்நோக்கங்கள் முழுமையாக நிறைவேறின. தவறிப்போய் உள்ளே நுழைந்த ஓர் இரகசியத்தை வெளியே எடுப்பது அரிதானதற்குக் காரணமும் அந்த நிறைவேற்றமே.

ஒரு கோப்பைச் சேர்க்கும்படி கட்டளையிட்டவுடன், கிட் அதன் உள்ளடக்கத்தோடு வகையையும் நீளத்தையும் குறிக்கும் சிறு தலைப்பொன்றை இணைத்து, ஷா-1 என்னும் கணக்கீட்டுக்கு உட்படுத்துகிறது. எவ்வளவு பெரிய கோப்பாயினும் இக்கணக்கீடு அதை 40 பதினறும இலக்கங்கள் கொண்ட குறியாகச் சுருக்கும்; உள்ளடக்கத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் குறி முற்றிலும் வேறாகிவிடும். அக்குறியின் முதல் 2 இலக்கங்கள் கோப்புறையின் பெயராகவும், எஞ்சிய 38 இலக்கங்கள் கோப்பின் பெயராகவும் அமைய, உள்ளடக்கம் சுருக்கப்பட்டு அங்கே சேமிக்கப்படுகிறது. அந்தக் கணத்தில் எந்தப் பெயரின்கீழ் எந்த உள்ளடக்கம் இருந்தது என்று காட்டும் பட்டியலுக்கு ‘மரம்’ என்று பெயர். அம்மரத்தையும் தனக்கு முந்தைய பதிவையும் சுட்டிக்கொண்டு, எழுதியவரின் பெயர், நேரம், காரணக் குறிப்பு ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் பதிவே ‘கமிட்’. ஒவ்வொரு கமிட்டின் குறியும் முந்தைய கமிட்டின் குறியை உட்கொண்டு கணக்கிடப்படுவதால், நடுவில் இருக்கும் ஒன்றைத் தொட்டால் அதற்குப் பின்வந்த அனைத்தின் குறிகளும் மாறிப்போகும்.

கடவுச்சொல் அடங்கிய ஒரு கோப்பை நிரலாளர் ஒருவர் திங்கட்கிழமை தவறுதலாகக் கமிட் செய்து, செவ்வாய்க்கிழமை தவற்றை உணர்ந்து, கோப்பை அழித்துவிட்டு மீண்டும் கமிட் செய்கிறார் எனக் கொள்க. செவ்வாய்க்கிழமை மரத்தில் அக்கோப்பு இல்லை. திரையில் தெரியும் கோப்புறையிலும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை கமிட் தன் பழைய மரத்தையே சுட்டுகிறது. அந்த மரம் அழிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட உள்ளடக்கத்தையே சுட்டுகிறது. நகலெடுக்கும் ஒவ்வொருவருக்கும் முழு வரலாறும் போய்ச் சேர்வதால், அவர்களுள் யாரும் ஒரே கட்டளையில் அதை எடுத்துப் படித்துவிடலாம். அழித்தவர் நல்லெண்ணத்தோடு எழுதிவைத்த ‘கடவுச்சொல் நீக்கப்பட்டது’ என்ற குறிப்பே, எங்கே தேட வேண்டும் என்று பிறருக்குக் கைகாட்டிவிடுகிறது.

இது ஏட்டளவில் நிற்கும் அச்சம் அன்று. ஊபர் நிறுவனத்தின் பொறியாளர்கள் பயன்படுத்திய களஞ்சியம் ஒன்றுக்குள் 2016-இல் நுழைந்த இருவர், அங்கே இருந்த அமேசான் மேகச் சேவைச் சாவிகளைக் கொண்டு சுமார் 5 கோடியே 70 இலட்சம் பயணியர், ஓட்டுநர் விவரங்களை எடுத்துச் சென்றனர். ஏறத்தாழ 6 இலட்சம் அமெரிக்க ஓட்டுநர்களின் உரிம எண்களும் அவற்றுள் அடங்கும். அது பொதுமக்கள் பார்க்கக்கூடிய களஞ்சியமாக இருக்கவில்லை, குழுவினர்க்கு மட்டுமே திறக்கும் தனியார் களஞ்சியமாகவே இருந்தது என்பது இங்கே ஊன்றிக் கவனிக்கத்தக்கது. டொயோட்டாவின் வாகன இணைப்புச் சேவையில் வேறு விதமாக நடந்தது. ஒப்பந்த நிறுவனம் ஒன்று அச்சேவையின் நிரலில் ஒரு பகுதியை, கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப் தளத்தில் பொதுப்பார்வைக்கு வைத்துவிட, வாடிக்கையாளர் தகவல்கள் இருந்த வழங்கியின் அணுகுசாவி அதனுள் 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை கிடந்தது. 2,96,019 பேருடைய மின்னஞ்சல் முகவரிகள் கசிந்திருக்கக்கூடும் என்று அந்நிறுவனமே அறிவிக்க நேர்ந்தது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வொன்று, இத்தகைய சாவிகள் வெளித்தெரியும்படி கிடக்கும் பொதுக் களஞ்சியங்கள் 1 இலட்சத்துக்கும் மேல் என்று காட்டியது. இவ்வளவு பேரும் கவனமற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. கருவி எதைக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும் இயல்புடையதாக இருக்கும்போது, மனிதக் கவனத்தை மட்டும் நம்பியிருப்பதே பிழையான ஏற்பாடு.

தடுப்பின் முதற்படி, எந்தக் கோப்புகளைப் பொருட்படுத்த வேண்டாம் என்று கிட்டுக்குச் சொல்லும் ‘கிட்இக்னோர்’ என்ற சிறு உரைக்கோப்பு. அதில் எழுதப்பட்ட பெயர்களுக்கோ பெயர் வடிவங்களுக்கோ பொருந்தும் கோப்புகள், ‘இங்குள்ள எல்லாவற்றையும் சேர்’ என்று கட்டளையிட்டாலும் சேர்வதில்லை. ஆயினும் இதில் பலரும் இடறி விழும் ஓர் இடம் உண்டு: ஏற்கெனவே களஞ்சியத்தில் பதிவாகிவிட்ட கோப்பின்மீது இப்பட்டியலுக்கு எந்த அதிகாரமும் இல்லை. அத்தகைய கோப்பின் பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டு நிம்மதியடைந்தவரின் ஒவ்வொரு புதிய மாற்றமும் வழக்கம்போல் கமிட்டில் ஏறிக்கொண்டே இருக்கும். அதைக் கண்காணிப்பிலிருந்து விலக்கும் தனிக் கட்டளையையும் இட்டால்தான் அது நிற்கும். எனவே நிரலின் முதல் வரிக்கு முன்பே இப்பட்டியலை எழுதிவிடுவது நல்லது.

இரண்டாவது படி, இரகசியங்களை நிரலின் உரைக்குள் எழுதாமலே இருப்பது. ஹெரோகு நிறுவனத்தாரின் அனுபவத்திலிருந்து 2011 அளவில் உருவான ‘பன்னிரு காரணிச் செயலி’ என்னும் நெறித்தொகுப்பு இதற்கு ஓர் உரைகல்லைத் தருகிறது: எந்த ஒரு சாவியும் அம்பலமாகாமல் இந்த நிரலை இந்நொடியே உலகுக்குத் திறந்துவிட முடியுமா என்பதே அது. முடியும் என்ற நிலையை அடைவதற்கு, நிரலில் கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெயர் மட்டும் நிற்கும். அப்பெயருக்குரிய மதிப்பை, நிரல் இயங்கும் கணினியின் சூழல் மாறி, அதாவது இயங்குதளம் ஒவ்வொரு நிரலுக்கும் தொடக்கத்தில் கையளிக்கும் பெயர்-மதிப்பு இணை, தரும். நிரலாளர் தம் கணினியில் அம்மதிப்புகளைத் தனிக்கோப்பில் வைத்துக்கொண்டு, பெயர்கள் மட்டும் நிரம்பி மதிப்புகள் காலியாக விடப்பட்ட மாதிரிக் கோப்பைக் களஞ்சியத்தில் வைப்பார். புதிதாக வருபவர்க்கு என்னென்ன தேவை என்பது அதனால் தெரியும். அவற்றின் மதிப்புகள் எவை என்பது தெரியாது.

அப்படியும் கை தவறும். அதற்காகவே, கமிட் உருவாகும் முன் அதன் உள்ளடக்கத்தைத் துழாவும் சோதனைக் கருவிகள் இருக்கின்றன. கிட்லீக்ஸ், டிரஃபிள்ஹாக் ஆகியவை பலர் அறிந்தவை. இவை இரு வழிகளில் தேடுகின்றன. முதலாவது வடிவத் தேடல். அமேசான் மேகச் சேவையின் நீண்டகால அணுகுசாவிக்கான அடையாளம் 20 எழுத்துகள் கொண்டது, ஏ.கே.ஐ.ஏ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளில் தொடங்குவது. ஆகவே அது எளிதில் பிடிபடும். கிட்ஹப் 2021-இல் தன் சாவிகளுக்குத் தனித்த முன்னொட்டையும், எழுத்துப்பிழை தெரிந்துவிடும்படி இறுதியில் 6 எழுத்துச் சரிபார்ப்புக் குறியையும் வைத்ததற்கு ஒரு காரணம், தேடும் கருவிகள் ஐயமின்றி அவற்றை அடையாளம் காண வேண்டும் என்பதே. ஆனால் அமேசான் அடையாளத்தோடு இணைந்து வரும் உண்மையான இரகசியச் சாவி, முன்னொட்டு ஏதுமில்லாத 40 எழுத்துகள். அங்கே இரண்டாவது வழி உதவுகிறது. கிளாட் ஷானன் 1948-இல் வகுத்த தகவல் கோட்பாட்டின்படி, அடுத்து வரும் எழுத்து எந்த அளவுக்கு முன்கூட்டி ஊகிக்க முடியாததோ அந்த அளவுக்கு அத்தொடரின் என்ட்ரோபி உயரும். மனிதர் எழுதிய சொற்களில் சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். எழுமாற்றாகப் பிறந்த சாவியில் எல்லா எழுத்துகளும் ஏறத்தாழச் சமமாகப் பரவியிருக்கும். இந்த வேறுபாட்டை அளந்து, ஐயத்துக்குரிய தொடர்களைக் கருவி நிறுத்திவைக்கிறது. தீங்கற்ற குறியெண்களையும் சிலவேளை அது நிறுத்தும் என்பது உண்மை. அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்வதே தகும்.

இச்சோதனையை ஒவ்வொரு கமிட்டுக்கும் முன் தானாக ஓடச் செய்யும் கொக்கி நிரல், களஞ்சியத்தை நகலெடுக்கும்போது கூட வருவதில்லை. குழுவினர் ஒவ்வொருவரும் தத்தம் கணினியில் அதை நிறுவ வேண்டும், நிறுவியவரும் ஒரு சொல்லைச் சேர்த்து அதைத் தாண்டிவிடலாம். ஆகவே மைய வழங்கியின் வாசலிலும் ஒரு காவல் தேவைப்படுகிறது. கிட்ஹப் தளம் 2024 முதல் பொதுக் களஞ்சியங்கள் அனைத்துக்கும், அறிமுகமான சாவி வடிவங்களைத் தாங்கி வரும் கமிட்டுகளை ஏற்காமல் திருப்பியனுப்பும் ஏற்பாட்டை இயல்பாகவே இயக்கிவைத்திருக்கிறது.

எல்லாக் காவலையும் கடந்து ஒரு சாவி வெளியேறிவிட்டால், முதலில் செய்ய வேண்டியது வரலாற்றைத் திருத்துவது அன்று, சாவியைச் செல்லாததாக்கிப் புதியதை வாங்குவது. வீட்டுச் சாவி தொலைந்தால், தெருவெங்கும் அதைத் தேடுவதற்கு முன் பூட்டை மாற்றுவது போன்றது இது. பொதுக் களஞ்சியங்களை இடைவிடாமல் துழாவும் தானியங்கி நிரல்கள் உலகில் இயங்கிக்கொண்டிருப்பதால், சில நிமிடமே வெளியில் கிடந்த சாவியும் களவுபோனதாகவே கருதப்பட வேண்டும். அதன்பின் வரலாற்றையும் துப்புரவாக்கலாம். ‘ஃபில்டர்-ரெப்போ’ போன்ற கருவிகள் ஒவ்வொரு கமிட்டிலிருந்தும் அக்கோப்பை நீக்கி, வரலாற்றை முழுமையாக மறுபடி எழுதித் தரும். ஆனால் கமிட் குறிகள் ஒன்றையொன்று பற்றி நிற்பதால், நீக்கிய இடத்துக்குப் பிந்தைய எல்லாக் குறிகளும் மாறிவிடுகின்றன. குழுவினர் அனைவரும் பழைய நகலைக் கைவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் பழையதிலேயே தொடர்ந்து வேலை செய்து, இரண்டையும் இணைத்துத் திரும்ப அனுப்பிவிட்டால், நீக்கியது முழுவதும் அப்படியே மீண்டு வந்துவிடும். பிறர் கிளைத்தெடுத்துக்கொண்ட நகல்களையோ எவராலும் மீட்க இயலாது.

சாவியை மாற்றலாம் என்பதால் அதற்கு ஒரு மீட்பு இருக்கிறது. மனிதர்களின் விவரங்களுக்கு அது இல்லை. பிறந்த நாளையும் நோய்க் குறிப்பையும் செல்லாததாக்கிப் புதியவற்றை வழங்க எந்த அலுவலகத்தாலும் முடியாது. இழப்பு ஈடுகட்டப்படாவிட்டாலும் பொறுப்பு கேட்கப்படும்: இந்தியாவின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. எனினும் இத்தரவுகள் களஞ்சியத்துக்குள் வரும் வழிகள் பெரும்பாலும் சாதாரணமானவை. தரவுப் பகுப்பாய்வாளர் பயன்படுத்தும் ஜூப்பிட்டர் குறிப்பேடு, நிரலோடு அது தந்த விடைகளையும் ஒரே கோப்பில் சேமிக்கும் அமைப்புடையது. அட்டவணையின் முதல் ஐந்து வரிகளைப் பார்ப்பதற்காக ஒருமுறை இட்ட கட்டளை, ஐந்து நோயாளிகளின் பெயரையும் கைபேசி எண்ணையும் கோப்புக்குள் நிலைநிறுத்திவிடுகிறது.

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்ற எண்ணமும் பொருந்தாது. அஞ்சல் குறியீடு, பாலினம், முழுப் பிறந்த நாள் ஆகிய மூன்றை மட்டும் கொண்டே அமெரிக்க மக்களுள் சுமார் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று லட்டன்யா ஸ்வீனி 2000-இல் கணித்துக் காட்டினார். அதனால், சோதனைக்கு வேண்டிய தரவை மெய்த்தரவிலிருந்து கழித்து எடுப்பதைவிட, தொடக்கத்திலிருந்தே புனைந்து உருவாக்குவது மேல். புனைந்தது தற்செயலாக ஒரு மெய்யான மனிதரைத் தொட்டுவிடக் கூடாது என்பதிலும் அக்கறை வேண்டும். மின்னஞ்சலுக்கு எக்சாம்பிள்.காம் என்ற முகவரி, எடுத்துக்காட்டுகளுக்கென்றே 1999-இல் ஒதுக்கப்பட்டது. அதற்கு அனுப்பும் கடிதம் எந்த வீட்டுக் கதவையும் தட்டாது. ஆதார் எண்ணின் 12-ஆவது இலக்கம், டச்சுக் கணிதவியலார் வெர்ஹோஃப் 1969-இல் வகுத்த முறைப்படி முந்தைய 11 இலக்கங்களிலிருந்து பெறப்படும் சரிபார்ப்பு இலக்கம். கண்டபடி தட்டிய 12 இலக்க எண்களுள் பத்தில் ஒன்று அச்சோதனையைத் தாண்டி, யாரோ ஒருவருக்கு உரியதாகவும் அமைந்துவிடக்கூடும். ஆதார் எண்கள் 0 அல்லது 1-இல் தொடங்குவதில்லை. ஆகவே 0-வில் தொடங்கி, சரிபார்ப்பு இலக்கமும் சரியாக அமைந்த ஓர் எண்ணைச் சோதனைக் கோப்பில் எழுதினால், வெர்ஹோஃப் கணக்கு ஒழுங்காக நடக்கிறதா என்று நிரலும் சோதிக்கப்படும். அந்த எண் எவருடையதாகவும் இராது.