உறுப்புகள் பல, பொறுப்பு யாருடையது?

ஒரே நிறுவனத்தார் செய்து ஒரே பெட்டியில் அடைத்து விற்கும் கணினியில் கோளாறு நேர்ந்தால், யாரிடம் போய்க் கேட்பது என்ற ஐயம் எழுவதில்லை. பிராசஸரைச் சென்னை ரிச்சி தெருக் கடையொன்றிலும், மதர்போர்டை வேறொரு கடையிலும், ரேமை இணையத்திலுமாக வாங்கி, தம் கையாலோ தெரிந்த மெக்கானிக் ஒருவரின் கையாலோ பூட்டிக்கொள்கிற அசெம்பிள்டு கம்ப்யூட்டரின் சங்கதி அப்படியன்று. அங்கே முழு யந்திரத்துக்கும் ஜவாப்தாரியாக நிற்பவர் எவருமில்லை. உறுப்புக்கு உறுப்பு தனிப் பில், தனி வாரண்டி. கோளாறு தோன்றியதும் ரேம் விற்றவர் மதர்போர்டைக் காட்டுகிறார். மதர்போர்டு விற்றவர் பிராசஸரைக் காட்டுகிறார். முடிவில், தப்பாகப் பூட்டிவிட்டார் என்ற பழி வாங்கியவர் தலையிலேயே வந்து விழுகிறது. ஆகையால், பழுது எந்த உறுப்பில் இருக்கிறதென்று ஒழுங்காகச் சோதித்து நிரூபிக்கத் தெரிந்திருப்பது, யந்திரத்தை ஓடச் செய்வதற்கு மட்டுமன்றி, கொடுத்த பணத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்கும் அவசியமாகிறது.

கண்ணுக்குத் தெரியாத நஷ்டம்

கணினியின் உறுப்புகளுள் ஆளை ஏமாற்றுவதில் ரேமின் பழுதுக்கு இணையில்லை. மின்விசிறி நின்றால் காது அறியும். திரை கெட்டால் கண் அறியும். ரேமின் ஒரு சிறு பகுதி மட்டும் கெட்டிருந்தாலோ, பொய்க்கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளையைப் போல, யந்திரம் வெளித்தோற்றத்துக்கு ஒழுங்காக ஓடிக்கொண்டே உள்ளே தகவலை மாற்றிவிடும். விண்டோஸ் நிறுவுகையில் நடுவழியில் பிழைச்செய்தி வருவதும், காரணமின்றி நீலத்திரை தோன்றுவதும், பெரிய ஜிப் கோப்பு ஒருமுறை விரிந்து மறுமுறை விரிய மறுப்பதும் இதன் அடையாளங்கள். எழுதப்படும் எந்தத் தகவலும் ரேமின் வழியாகவே வட்டுக்குப் போகிறதாதலால், கெட்ட தகவலே அங்கும் பதிவாகி, அதிலிருந்து எடுத்த நகலிலும் அப்படியே குடியேறிவிடக் கூடும். எனவே சந்தேகம் தட்டிய அக்கணமே, குடும்பப் புகைப்படங்களையும் தொழிற்கணக்குகளையும் அந்த யந்திரத்தில் கையாளுவதை நிறுத்திவிடுவது விவேகம்.

பழுதல்லாத பழுதுகள்

குற்றம் சாட்டுமுன், குற்றமே இல்லாதவற்றை விலக்கிவிட வேண்டும். டிடிஆர்5 வகை ரேம் பூட்டிய யந்திரம், முதன்முறை இயக்கும்போது ரேமோடு தன்னைப் பொருத்திப் பார்த்துக்கொள்வதற்காகச் சில நிமிஷங்கள் வரை கருந்திரையோடு நிற்பதுண்டு; செத்துவிட்டதென்று எண்ணி இடையில் மின்சாரத்தை நிறுத்துகிறவர்கள், அந்த வேலையை மீண்டும் முதலிலிருந்து தொடங்கச் செய்கிறார்கள். 16 ஜிபி வாங்கியிருக்க விண்டோஸ் அதிற் சிறிது குறைத்துக் காட்டினால், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கலாம்.

பெட்டியின்மேல் 6000 என்று அச்சிட்டிருக்க, யந்திரம் 4800 என்று காட்டுவதைக் கண்டு மோசம் போனோமென்று மனம் பதறுபவர் பலர். 4800 என்பது அந்த ரேம் பொதுத் தரப்படி ஓடும் வேகம். 6000 என்பது, பயாஸுக்குள் சென்று எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை நாமே இயக்கிவிட்டால் கிடைப்பது. அவ்வாறு இயக்குவதைப் பிராசஸர் நிறுவனங்கள் நிர்ணயித்த அளவை மீறிய உபயோகமாகக் கருதுகின்றன என்பதையும், ஆகவே வாரண்டி நிபந்தனைகளை முதலில் வாசித்துவிடுவது நலம் என்பதையும் கடைக்காரர் சொல்லுவதில்லை. மேலும், இரண்டு ரேம்களோடு நல்ல வேகத்தில் ஓடும் யந்திரம் நான்கு பூட்டினால் அதே வேகத்தைத் தாங்காமற் போகலாம். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைக்கு, இரண்டு ரேமுக்கு 5200 என்றும், நான்குக்கு 3600 என்றும் அந்நிறுவனமே அளவு குறித்திருக்கிறது.

சோதனையின் ஒழுங்கு

மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து, உடம்பிலுள்ள நிலைமின்சாரம் நீங்கும்படி கேபினட்டின் உலோகப் பாகத்தைத் தொட்டுவிட்டு, அதன்பின் ரேமைத் தொடுக. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 முனைகளே இருந்தாலும், நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. பலவந்தம் செய்தால் ஸ்லாட்டே உடையும். நான்கு ஸ்லாட்டுள்ள மதர்போர்டுகளில் இரண்டு ரேம்களுக்குரிய இடம், பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதும் ஆகும். மதர்போர்டின் கையேட்டில் அது படத்தோடு சொல்லப்பட்டிருக்கும். பூட்டு 'கிளிக்' என்று விழும்வரை அழுத்தாத ரேமே புது யந்திரங்களில் அடிக்கடி காணும் குற்றவாளி.

இவ்வளவுக்குப் பின்னும் கோளாறு நீடித்தால், மதர்போர்டு நிறுவனம் சோதித்து வெளியிட்டுள்ள ரேம் பட்டியலில் நம்முடையது உள்ளதா என்று பார்த்து, பயாஸைப் புதுப்பித்து, அதன் அமைப்புகளை ஆதிநிலைக்குக் கொண்டுவந்து, ஒரே ஒரு ரேமை ஒரே ஒரு ஸ்லாட்டில் வைத்து இயக்குக. பிறகு ரேமை மாற்றுக. பிறகு ஸ்லாட்டை மாற்றுக. பிழை ரேமைத் தொடர்ந்து சென்றால் குற்றம் ரேமினுடையது. எந்த ரேமை வைத்தாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை தங்கிவிட்டால், குற்றம் மதர்போர்டிலோ, பிராசஸர் அமரும் இடத்தில் வளைந்துபோன முனையிலோ, அளவுக்கு மீறி முறுக்கிய கூலரின் அழுத்தத்திலோ இருக்கலாம். மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனை மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, பொதுத்தர வேகத்திலேயே நான்கு சுற்றும் ஓடவிடுக. அந்நிலையில் ஒரு பிழை தோன்றினாலும், அதைச் சிறிதென்று தள்ளிவிடலாகாது. ஒவ்வொரு கட்டத்திலும் தேதியோடு திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்க. முனைகளை ரப்பரால் தேய்க்கும் பழக்கம் புது ரேமுக்கு வேண்டியதில்லை. முலாம் தேய்ந்தால் அதுவே மாற்றித்தர மறுப்பதற்குக் காரணமாகிவிடும்.

சட்டம் தரும் பரிகாரம்

இந்தியாவில் 2020 ஜூலை முதல் அமலுக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தர மறுப்பதையும், பழுதுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதையும் முறையற்ற வணிகமென்று கூறுகிறது. பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள்ளும் விற்றவர் அப்பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தந்தாக வேண்டும். இணையத்தில் விற்கும் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். ரேம்களுக்குப் பல நிறுவனங்கள் ஆயுட்கால வாரண்டியே தருகின்றன; ஆனால் அதிலுள்ள ஸ்டிக்கரைக் கிழித்தவர்க்கும், ஜோடியாக விற்றதில் ஒன்றை மட்டும் திருப்பியனுப்புகிறவர்க்கும் தடை நேரலாம்.

எழுத்து மூலம் கேட்டும் பலனில்லையாயின், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம். அதற்கும் அசையாதவர்மேல், நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, குறை தோன்றிய நாள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிடலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமில்லை. வக்கீல் வைத்தாக வேண்டுமென்ற நிர்ப்பந்தமும் இல்லை. விற்றவரையும் உற்பத்தி செய்தவரையும் சேர்த்தே எதிர்த்தரப்பாக்கலாமாதலால், ஒருவர் மற்றொருவரைச் சுட்டிக்காட்டித் தப்பும் வழி அங்கே பெரும்பாலும் அடைபட்டுப்போகிறது. அவசியமானால் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும், பழுதை நீக்கவோ, வேறு பொருள் தரவோ, பணத்தைத் திருப்பவோ, நஷ்டஈடு தரவோ உத்தரவிடவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வியாபார நோக்கத்துக்காக வாங்கியவர் இச்சட்டத்தின்படி நுகர்வோர் ஆகார். ஆயினும் சுயதொழில் செய்து ஜீவனம் நடத்துவதற்கென்று ஒரு கணினி வாங்கிய டிடிபி தொழிலாளிக்கோ, புகைப்படக்காரருக்கோ அந்த விலக்கு பொருந்தாது.

இத்தனை சிரமத்தையும் வாங்கும் நாளிலேயே பெருமளவு தவிர்த்துக்கொள்ள முடியும். பிராசஸர், மதர்போர்டு, ரேம் மூன்றையும் கூடுமானவரை ஒரே கடையில் வாங்கி, ஒவ்வொன்றின் சீரியல் எண்ணையும் ஜிஎஸ்டி பில்லில் எழுதச் சொல்லி, அங்கேயே பூட்டி ஓடவிட்டுப் பார்த்தபின் பணம் கொடுப்பவரிடம், பின்னொரு நாள் கோளாறு தோன்றினாலும், பொறுப்பு தம்முடையதன்று என்று சொல்லும் துணிவு எந்தக் கடைக்காரருக்கும் எளிதில் வராது.