இடிபாட்டிலிருந்து எழும் சாலை

பெங்களூரு மாநகரின் பழைய குடியிருப்புகளுள் ஒன்று மல்லேஸ்வரம். காடு மல்லேஸ்வரர் கோயிலால் பெயர் பெற்ற இப்பகுதி, 1898-ஆம் ஆண்டில் நகரைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின்னர் பெரிதும் விரிவடைந்தது. இங்குள்ள சம்பிகே சாலை செண்பக மரத்தாலும், மார்கோசா சாலை வேப்ப மரத்தாலும் பெயர் பெற்றவை. அவற்றை ஒட்டிய குறுக்குத் தெருக்களில் ஓட்டுக் கூரையும் தோட்டமும் கொண்ட வீடுகள் பல இருந்தன. இன்று அவற்றுள் பல இடிக்கப்பட்டு, அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுகின்றன.

ஒரு வீடு இடிக்கப்படும்போது செங்கல், காரை, கான்கிரீட் துண்டுகள் எனப் பல லாரிச் சுமை இடிபாடுகள் வெளியேறுகின்றன. நகரில் முறையாக அகற்றப்படாத இடிபாடுகள் ஏரிக்கரைகளிலும் மழைநீர்க் கால்வாய்களிலும் கொட்டப்படுகின்றன. அதே வேளையில், புதிய கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் வேண்டிய ஜல்லிக்காகச் சிக்கபள்ளாப்பூர் போன்ற அண்டை மாவட்டங்களில் குன்றுகள் உடைக்கப்படுகின்றன. ஒருபுறம் கல் குப்பையாகிறது. மறுபுறம் குன்று கல்லாகிறது. இவ்விரு இழப்புகளையும் ஒருசேரக் குறைக்கும் வழிகளுள் ஒன்று, ஈரடுக்குக் கான்கிரீட் சாலை.

ஈரடுக்குச் சாலை என்பது யாது?

சாலையின் மேற்பரப்புக்கும் உட்பகுதிக்கும் பணிகள் வெவ்வேறு. மேற்பரப்பு சக்கரங்களின் உராய்வையும் வெயிலையும் மழையையும் தாங்க வேண்டும். வாகனம் வழுக்காமல் பிடித்து நிறுத்தவும் வேண்டும். உட்பகுதியின் கடமை சுமை தாங்குவது மட்டுமே. ஆகவே, முழுக் கனத்துக்கும் உயர்தரக் கல்லைப் பயன்படுத்த வேண்டிய தேவை இல்லை.

இக்கருத்தே ஈரடுக்கு முறையின் அடிப்படை. முதலில் கனமான கீழடுக்கு இடப்படுகிறது. அதில் மறுசுழற்சி செய்த ஜல்லியைக் கலக்கலாம். அவ்வடுக்கு இறுகும் முன்பே, உறுதியான கல்லால் ஆன மெல்லிய மேலடுக்கு அதன்மீது பரப்பப்படுகிறது. இரண்டும் ஈரமாக இருக்கும்போதே இணைவதால், இறுகிய பின் ஒரே பலகையாகச் செயற்படுகின்றன.

இம்முறை புதியதன்று. 1891-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், பெல்ஃபான்டெய்ன் என்னும் ஊரில் அமைக்கப்பட்ட அந்நாட்டின் முதல் கான்கிரீட் தெருவே ஈரடுக்காக அமைந்தது. ஆஸ்திரியா நாட்டில் வியன்னாவையும் சால்ஸ்பர்க்கையும் இணைக்கும் நெடுஞ்சாலையைப் புதுப்பித்தபோது, பழைய கான்கிரீட் பலகைகளையே உடைத்துப் புதிய சாலையின் கீழடுக்கில் பயன்படுத்தினர்.

கணக்கிட்டுப் பார்ப்போம்

7 மீட்டர் அகலமும் 1 கிலோமீட்டர் நீளமும் 25 செ.மீ. கனமும் உடைய சாலைக்கு 1,750 கனமீட்டர் கான்கிரீட் வேண்டும். மேலடுக்கு 5 செ.மீ. எனில், அதற்கு வேண்டியது 350 கனமீட்டர் மட்டுமே. எஞ்சிய 1,400 கனமீட்டரும் கீழடுக்கு. ஒரு கனமீட்டர் கான்கிரீட்டில் ஏறத்தாழ 1.1 டன் ஜல்லி இருப்பதாகக் கொண்டால், கீழடுக்குக்கு 1,540 டன் ஜல்லி தேவை.

இந்தியத் தரநிலை 383-இன் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு, கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரை மறுசுழற்சிக் கான்கிரீட் ஜல்லியைச் சேர்க்க இடமளிக்கிறது. அவ்வளவு சேர்த்தால், ஒரு கிலோமீட்டருக்கு 385 டன் புதுக்கல் மிச்சமாகும். 10 டன் ஏற்றும் லாரிகளில் இது 38 லாரிச் சுமைக்கும் மேல். சாலைக்கு அடியில் இடப்படும் வலிமை குறைந்த கான்கிரீட் படுகையில் ஜல்லி முழுவதுமே மறுசுழற்சிப் பொருளாக இருக்கலாம் என்றும் அத்தரநிலை கூறுகிறது.

சிமெண்ட்டிலும் சிக்கனம் உண்டு. ஒரு டன் சிமெண்ட் உருவாகும்போது அரை டன்னுக்கும் மேலான கரியமில வாயு வெளியேறுகிறது. ராய்ச்சூர் போன்ற அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலையும், இரும்பு உருக்காலைகளின் கசட்டுத் தூளையும் சிமெண்ட்டின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பயன்படுத்துவதால் இவ்வளவு குறைகிறது.

செலவு குறையுமா?

குறையும் என்று எல்லா இடத்துக்கும் பொதுவாகக் கூற இயலாது. ஈரடுக்கு முறைக்கு இருவகைக் கலவைகளும், அவற்றைப் பரப்ப இரு இயந்திரங்களும், கூடுதல் ஆட்களும் தேவை. நல்ல கல் அருகிலேயே மலிவாகக் கிடைத்தால், இம்முறை செலவை உயர்த்தவும் கூடும். கல் தொலைவிலிருந்து வரவேண்டியிருந்து, இடிபாடு அருகில் கிடைத்தால், ஆதாயம் உண்டு. எனவே நீண்ட நெடுஞ்சாலைகளுக்கே இம்முறை பெரிதும் பொருந்தும்.

மேலும், செலவைச் சாலை போடும் நாளில் மட்டும் கணக்கிடுதல் தவறு. தார்ச்சாலை தொடக்கத்தில் மலிவு. ஆயினும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதற்கு மேற்பூச்சு வேண்டும். நன்கு அமைந்த கான்கிரீட் சாலை 20 முதல் 30 ஆண்டுகள் உழைக்கும். ஆனால் அதன் அடியில் குடிநீர்க் குழாய் பழுதுபட்டால், உடைத்துச் சரிசெய்வது பெருஞ்செலவு. ஆதலால் குழாய்களையும் கம்பிவடங்களையும் முன்னரே ஒழுங்குபடுத்துதல் இன்றியமையாதது.

மல்லேஸ்வரத்திற்கு ஏற்றது எது?

குறுகிய குறுக்குத் தெருக்களில் இரு இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வது அரிது. பெங்களூருவில் பல முதன்மைச் சாலைகளில் ‘ஒயிட் டாப்பிங்’ என்னும் முறை கையாளப்படுகிறது. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டிச் சமப்படுத்தி, அதன்மீதே கான்கிரீட் இடுவது இம்முறை. இங்குப் பழைய சாலையே புதிய சாலைக்கு அடித்தளமாகிறது. இதுவும் ஒருவகை மறுபயன்பாடே. ஆயினும் மரங்களின் அடியில் மண்பரப்பை விட்டுவைத்தால்தான் வேர்களுக்கு நீர் கிடைக்கும். சாலை மட்டம் உயர்ந்து வீடுகளுக்குள் மழைநீர் புகாமலும் காக்க வேண்டும்.

இத்தெருக்களின் இடிபாடுகளை நடைபாதைக் கற்களாகவும் வடிகால் படுகையாகவும் மாற்றலாம். அதற்கு முதற்படி, இடிக்கும் இடத்திலேயே பிரித்தல். மண்ணும் மரத்துண்டும் கலந்த கான்கிரீட் நல்ல ஜல்லியாகாது. பழைய காரை ஒட்டிய ஜல்லி நீரை மிகுதியாக உறிஞ்சுவதால், அதை முன்னரே நனைத்துப் பயன்படுத்த வேண்டும். கட்டட இடிபாடுகள் பற்றி நடுவண் அரசு 2016-இல் வெளியிட்ட விதிகள், பெருமளவில் இடிப்போர் கான்கிரீட், மண், செங்கல் முதலியவற்றைத் தனித்தனியே பிரித்துத் தருவதைக் கடமையாக்கின.

ஆகவே, நிலைத்த சாலை பொறியாளரின் வரைபடத்தில் மட்டும் தொடங்குவதில்லை. பழைய வீட்டின் சுவரை இடிப்பவர் கான்கிரீட்டை ஒரு குவியலாகவும் மண்ணை மற்றொரு குவியலாகவும் ஒதுக்கும் அந்த இடத்திலேயே அது தொடங்குகிறது.

சிந்தித்து விடை எழுதுக

1. சாலையின் மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் உரிய பணிகளை வேறுபடுத்திக் காட்டுக.
2. ஈரடுக்கு முறை எச்சூழலில் செலவைக் குறைக்கும்? எச்சூழலில் கூட்டும்?
3. மேலே காட்டிய கணக்கைப் பின்பற்றி, 3 கிலோமீட்டர் நீளச் சாலையில் மிச்சமாகும் புதுக்கல்லின் அளவைக் காண்க.
4. உங்கள் தெருவில் இடிக்கப்படும் கட்டடத்தின் இடிபாடுகள் எங்குக் கொண்டு செல்லப்படுகின்றன என்பதைக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.