இல்லத்தின் நஞ்சும் நாட்டின் சட்டமும்

மன்னார்ப் பெருநிலத்தின் கரையோரத்திலே அமைந்த ஊர் விடத்தல்தீவு. தீவு என்று பெயர் பெற்றிருப்பினும் அது நிலத்தோடு ஒட்டிய ஊரே. பெயரின் முதலிலே நிற்கும் 'விடத்தல்' என்பதும் விடத்தைக் குறிப்பதன்று; வறண்ட நிலத்திலே வளரும் முள்மரம் ஒன்றின் பெயர் அது. ஆனால், மெய்யான விடம் ஒன்று இவ்வட்டாரத்து இல்லங்களிலே நெடுங்காலமாகக் குடியிருந்து வருகின்றது.

கடலும் கண்டற்காடும் ஒருபுறம். கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பிய வயல்கள் மறுபுறம். பெரும்போகத்திலே பயிரில் பூச்சி கண்டால் உழவர் மருந்தடிப்பர். அடித்தது போக எஞ்சியது போத்தலோடு வீட்டுக்கு வரும். நோய் தீர்ப்பதற்கும் மருந்து என்றே பெயர். உயிர் கொல்வதற்கும் மருந்து என்றே பெயர். சொல் ஒன்றாயிருப்பதனாலே போலும், அரிசிப்பானைக்கு அருகிலே அப்போத்தல் இருப்பதை நாம் பெரிதாக எண்ணுவதில்லை.

சினமும் துயரும் எல்லா வீடுகளுக்கும் வருவன, வந்தபின் தணிவன. தணியும் வரையில் கைக்கெட்டும் இடத்திலே கொடிய நஞ்சு இருந்தமையே இந்நாட்டுக்குப் பெருங்கேடாயிற்று. 1995-ஆம் ஆண்டிலே இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உலகிலே மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று அது. அம்மரணங்களுட் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பீடைகொல்லிகளே.

இக்கேட்டைத் தடுப்பது எவ்வாறு? நஞ்சைப் பூட்டி வைத்தல் என்பதே யாவர்க்கும் முதலில் தோன்றும் விடை. அவ்விடையை அறிஞர் சிலர் மெய்யாகவே சோதித்தனர். மன்னாருக்கு அயலிலுள்ள அனுராதபுர மாவட்டத்திலே 180 கிராமங்களைத் தெரிந்து, அவற்றுட் பாதியிலே வேளாண் குடும்பங்களுக்குப் பூட்டத்தக்க பெட்டிகளை வழங்கினர், மறுபாதிக்கு வழங்கவில்லை. அக்கிராமங்களிலிருந்த 53,382 குடும்பங்களின் நிலையைத் தொடர்ந்து கவனித்தனர். 2017-இலே 'லான்செற்' என்னும் மருத்துவ இதழில் முடிவு வெளியாயிற்று. பெட்டி பெற்ற ஊர்களுக்கும் பெறாத ஊர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இதில் வியப்பில்லை. பூட்டு வீட்டிலிருந்தால் திறவுகோலும் வீட்டிலேதான் இருக்கும்.

பூட்டினால் ஆகாததைச் சட்டம் செய்தது. 1980-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம், பதிவு பெறாத பீடைகொல்லி எதனையும் நாட்டுக்குட் கொண்டுவரவோ விற்கவோ ஆகாது என விதித்தது. அதனைக் கண்காணிக்கப் பதிவாளர் ஒருவரையும் நியமித்தது. அச்சட்டத்தின் துணைகொண்டு 1984-இலே பராத்தியன் விலக்கப்பட்டது. 1995-இலே மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் முதலிய கடும் நஞ்சுகள் நிறுத்தப்பட்டன, 1998-இலே எண்டோசல்பான். 2008 முதல் பரகுவாட் உள்ளிட்ட மூன்று படிப்படியாக நீக்கப்பட்டன.

பயன் என்ன? இருபது ஆண்டுகளிலே தற்கொலை வீதம் மூன்றிலொரு பங்குக்கும் கீழே இறங்கிற்று. 1995 முதல் 2015 வரை இவ்வாறு காக்கப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என 2017-இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. மனிதரின் துயர் மறைந்துவிட்டதென்று இதற்குப் பொருளன்று. துயருற்ற கணத்திலே கைக்கெட்டிய பொருள் முன்போற் கொடியதாயில்லை. மருத்துவமனைக்கு மீட்பதற்கு அவகாசம் கிடைத்தது. மீண்டவர் மறுநாட் பொழுதைக் கண்டனர்.

விலக்கினால் விளைச்சல் குன்றுமே என்பார் உளர். கொடியனவற்றை மட்டும் ஆராய்ந்து நீக்கி, மாற்றுகளை விட்டுவைத்தமையால், அத்தடைகளினால் நாட்டின் விளைச்சலிலே வெளிப்படையான வீழ்ச்சி காணப்படவில்லை. 2021-ஆம் ஆண்டின் கதை வேறு. அவ்வாண்டிலே இரசாயன உரத்துக்கும் பீடைகொல்லிக்கும் ஒரேயடியாக இறக்குமதித் தடை விதிக்கப்பட்டது. நெல் விளைச்சல் சரிந்தது. உழவர் வீதிக்கு வந்தனர். சில மாதங்களிலேயே தடை தளர்ந்தது. ஆராய்ந்து விலக்குவது வேறு, ஆராயாது விலக்குவது வேறு என்பதற்கு இவ்விரண்டினும் சிறந்த பாடம் வேண்டுமோ?

இனி நம் கடமை ஒன்றுண்டு. கொடியன பல போயினவெனினும், எஞ்சியவையும் நஞ்சே. வேண்டிய அளவே வாங்குதல், குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வையாமை, பெயர்ச்சீட்டைப் படித்தல் ஆகிய மூன்றையும் ஆசிரியர் ஒருவர் ஒரு வகுப்பிலே கற்பித்துவிடலாம். வீட்டிலே ஒருவர் மனமுடைந்திருப்பின் அவரைத் தனியே விடாதிருத்தல் அதனினும் பெரிய கல்வி. 1926 என்னும் தேசிய மனநலத் தொலைபேசி இலக்கத்தை மாணவர் அனைவரும் அறிந்திருத்தல் நன்று.

துறைமுகத்திலே நஞ்சைத் தடுப்பது அரசின் வேலை. வாசலுக்கு உள்ளே ஒருவர் முகம் வாடியிருப்பதைக் காண்பது நம் வேலை.